அடிக்காத ஹாரன்

எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற பெட்டியில் ஒரு வெறும் கண்ணாடி உண்டு. பவர் கிடையாது. ஜன்னலில் போடுகிற கண்ணாடிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சோதனை முடியப்போகிற சமயத்தில் அதை எடுத்து ஃபிரேமில் சொருகி, "இப்ப இன்னும் கொஞ்சம் பளிச்னு இருக்கணுமே, இருக்கா?" என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர், "ஆமாம்மா, இதுதான் சூப்பர்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து அக்கறையாகக் கேட்டால், தெரியாததும் தெரிந்துவிடும். மனுஷ ஜென்மம் அப்படி. அந்த ஆட்களை மறுபடியும் முதலிலிருந்து உட்கார வைப்பேன். வாடிக்கையாளர்கள் முனகுவார்கள், முதலாளி முறைப்பார். கடையில் எனக்குச் "சந்தேகப் பிராணி" என்று பெயர்.

அப்படிப்பட்டவளிடம் வந்து, முகத்தில் ரெண்டு விரலால் தட்டினால் மனசில் பட்ட அடி ஆறிவிடும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? தம்பியின் கம்பெனியில் தொழிலாளர் நலம் பார்க்கிற அதிகாரி ஃபோனில் சொன்னார். செலவு கம்பெனியுடையதாம். நான் சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடே திரும்பிப் பார்த்தால், தம்பி சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் மட்டும் தொடையில் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தது.

"எப்ப வரணும் சார்?" என்று கேட்டேன்.

தம்பி இரும்புக் குழாய் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவன். யார்டுக்கு மேலே கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, குழாய்க் கட்டுகளைத் தூக்கி லாரியில் இறக்குவது அவன் வேலை. கீழே நின்று கட்டுக்கு பெல்ட் மாட்டி, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையால் சைகை காட்டுகிறவர் ஒருத்தர் இருந்தார். யார்டில் அவருக்கு டிராஃபிக் என்று பெயர். பேசும்போதும் கையை ஆட்டித்தான் பேசுவார், எங்கள் வீட்டுக்கு வந்தால் டம்ளரையெல்லாம் தள்ளி வைத்துவிடுவேன். கூடப் பிறக்காவிட்டாலும் தம்பிக்கு அவர் அண்ணன். வேலை கற்றுக்கொண்ட நாளிலிருந்து இவன் மேலே, அவர் கீழே. ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

சைகை கிடைத்ததும் ஹாரனை ரெண்டு தடவை அடிக்க வேண்டும், கீழே பார்க்க வேண்டும், அப்புறம்தான் லீவரைத் தொட வேண்டும். அதுதான் விதி. ஆனால் டிராஃபிக்குக்கு அந்தச் சத்தம் ஆகாது. ஒற்றைத் தலைவலிக்காரர். "என் தலைக்கு மேலயே வச்சு ஏண்டா அலற விடுற? என்னைப் பாத்துட்டேல்ல, தூக்கு" என்று சொல்லியிருக்கிறார். அவர் நிற்கிற ஷிஃப்டில் மட்டும் தம்பி ஹாரனைத் தொடுவதில்லை. வேறு யாராவது நின்றால் அடிப்பான். அண்ணன் நின்றால் அடிக்க மாட்டான். அவனைப் பொறுத்தவரை அது மரியாதை.

அன்றைக்கு அவர் "தூக்கு" என்று கை காட்டிவிட்டு, பெல்ட் ஒரு பக்கம் முறுக்கியிருந்ததைப் பார்த்து மறுபடி கட்டுக்கும் லாரிக்கும் நடுவில் நுழைந்திருக்கிறார். தம்பி சைகையைப் பார்த்ததோடு சரி, கண் லாரி பக்கம் போய்விட்டது. லீவரை இழுத்தான். கட்டு ஒரு பக்கமாக ஆடி வந்து அவரை லாரியோடு வைத்து நசுக்கிவிட்டது.

சாயங்காலம் கம்பெனி வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, நான் ஹாரன் அடிக்கலக்கா. அடிச்சிருந்தா விலகியிருப்பாரு. நான் அடிக்கல" என்றான். இதையே திரும்பத் திரும்பச் சொன்னான். தலைவலி விஷயத்தையும் சொன்னான். நான் அவன் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

அதற்கப்புறம் அவனுக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் ரெண்டுநாள் இல்லை, மாதக்கணக்கில். பொழுது விடிந்து நான் எழுந்து வந்தால், ஸ்டூலில் விட்ட இடத்தில் அப்படியே இருப்பான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், சட்டை ஆணியில் மாட்டினது போல் தொங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் கட்டையாய்க் கிடந்தான், ஆனால் தூங்கவில்லை, கண் திறந்தே இருந்தது. அடுத்த தேதியை எங்கேயோ தள்ளிக் கொடுத்தார்கள். அதற்குள் இவன் பிழைப்பானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. கத்தரிக்கோலைக்கூட கடைக்கு என் பையில் எடுத்துப் போக ஆரம்பித்தேன். எனக்கு அவன்தான், அவனுக்கு நான்தான், நடுவில் வந்த என் புருஷன் வந்த வழியே போய்விட்டான். அதனால்தான் அந்த அதிகாரி சொன்ன, தட்டுகிற அம்மாவிடம் போக ஒத்துக்கொண்டேன்.

அச்சகத்துக்கு மேல் மாடியில் அவள் அறை. வெள்ளைத் திரை, மெத்தை வைத்த நாற்காலிகள், கையெட்டும் தூரத்தில் டிஷ்யூ டப்பா. வருகிறவர்கள் அழுவார்கள் என்று முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தாள். கீழே மெஷின் ஓடுகிற அதிர்வு பாதத்தில் ஏறிக்கொண்டிருந்தது. நிஜமாக நல்ல பெண்மணி. பேச்சில் அலட்டல் இல்லை. டாக்டருக்குப் படித்தீர்களா என்று கேட்டேன், இல்லை என்று நேராகச் சொன்னாள். அதற்கு முன்னால் ஏதோ இன்ஷூரன்ஸில் இருந்தாளாம். கிளம்பிவிடலாம் என்று திரும்பினேன். தம்பி அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டான். என்னை மூலையில் உட்கார அனுமதித்தாள், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவளுக்குத் தெரியாது.

புருவத்தில், கண்ணுக்குக் கீழே, காறை எலும்பில் என்று மாற்றி மாற்றித் தட்டினாள். அவனையும் தட்டச் சொன்னாள்.

"கண்ணை மூடுங்க. கேபின்ல இருக்கீங்க. கீழ யாரு?"

"அண்ணன்."

"கட்டைவிரல் எங்க இருக்கு?"

"பட்டன் மேல."

"அன்னிக்கு செய்ய முடியாததை இப்ப செய்ங்க. அழுத்துங்க. ம். சத்தம் கேக்குதா?"

அவன் கட்டைவிரல் தொடையில் அழுந்தியது. அப்புறம் தம்பி, "கேக்குது" என்றான். அவன் கழுத்து நரம்பு தளர்ந்ததை நான் பார்த்தேன்.

"அவர் என்ன பண்றாரு?"

"திரும்பிப் பாக்குறாரு."

"முகத்தைப் பாருங்க. கோபமா இருக்காரா?"

"இல்ல. சிரிக்கிறாரு."

முடிந்ததும் எனக்கு விளக்கம் சொன்னாள். நிஜமாக நடந்ததற்கும் மனசில் அழுத்தமாகப் பார்த்ததற்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாதாம். அதனால் பழைய காட்சியின் மேல் புதுக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் போதுமாம். உடம்புக்குத் தெரியாமல் இருக்கலாம், செத்தவருக்குத் தெரியுமே என்று நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். "இங்க பேசினது இந்தக் கதவைத் தாண்டாது" என்றும் சொன்னாள். தெருவில் இறங்கியதும் தம்பியிடம், "நல்லா காதுல பூ சுத்துறா" என்றேன். ஆனால் அவன் வாரா வாரம் போனான்.

தூங்க ஆரம்பித்தான். மறைக்காமல் சொல்கிறேன், ஒருநாள் காலையில் எழுந்து வந்தால் ஸ்டூல் காலியாக இருந்தது. பதறிப்போய் அவன் அறைக்கு ஓடினேன். குப்புறப் படுத்து, தலையணையில் எச்சில் ஒழுக, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நான் கதவைப் பிடித்துக்கொண்டே அழுதேன். நான் தோற்றதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடைக்குப் போனதும் முதலாளியிடம், "சில சமயம் வெறும் கண்ணாடியும் வேலை செய்யும் போல சார்" என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தார்.

தம்பி தேறி வந்தான். சவரம் பண்ணிக்கொண்டான். நான் வைக்கிற குழம்பில் குறை சொன்னான். குறை சொல்கிறானே என்று இன்னொரு கரண்டி ஊற்றினேன். அப்படி ஒரு சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டே, சாதாரணமாக, "ரெண்டு தடவை அடிச்சேன்க்கா. அதுக்கு மேல நான் என்ன பண்றது?" என்றான்.

கரண்டியைக் கீழே வைத்தேன். ஒருவேளை அந்த அம்மாவின் அறையில் நடப்பதைத்தான் சொல்கிறானோ? தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை.

"அன்னிக்கு அந்த மழையில அவருக்குக் கேட்டிருக்குமாடா?"

"மழைதான்," என்று யோசித்தான். "கண்ணாடியெல்லாம் தண்ணி வழிஞ்சுது. ஆனா கேட்டுச்சுக்கா. திரும்பிப் பாத்தாரே."

அன்றைக்கு மழையே இல்லை. வெயில் கொளுத்தியது. மாடியில் போர்வையெல்லாம் நான் காயப்போட்டிருந்தேன்.

"டேய், அன்னிக்கு மழை இல்லடா. நீ ஹாரனும் அடிக்கல. வாசல்ல நின்னு என் கையைப் பிடிச்சு நீதான் சொன்ன."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அதிர்ச்சியில ஏதாவது உளறியிருப்பேன்க்கா. நீ அதையே பிடிச்சுக்கிட்டு இருக்க. உன் உடம்புல அது தங்கிடுச்சு. நீயும் ஒரு தடவை மேடத்தைப் பாரேன்" என்றான். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்து மாடிக்கு ஓடினேன். தட்டுகிற அம்மா என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"மேடம், அவன் அடிச்சதாவே நம்புறான்."

"அது மனசுக்குள்ள ஆறுறதுக்கான காட்சிங்க. வெளிய போய் சாட்சி சொல்லச் சொல்லி நான் சொல்லவே இல்லையே."

"உள்ள போட்டது உள்ளயே இருக்கும்னு எப்படி மேடம் நினைச்சீங்க?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பாவம், யோசித்தே இருக்கவில்லை போல. ஆனால் ஒன்று கேட்டாள்: "இப்ப அவர் தூங்குறாரா, இல்லையா?" "தூங்குறான்" என்றேன். "அதைப் பிடுங்கினா அவர் எங்க போய் நிப்பாருன்னு உங்களுக்கே தெரியும். முதல் நாள் நீங்கதான் கத்தரிக்கோல் விஷயம் சொன்னீங்க" என்றாள். வந்த வழியே இறங்கிவிட்டேன்.

தம்பி தேறட்டும் என்று கம்பெனி விசாரணையை அதுவரை தள்ளி வைத்திருந்தார்கள். இப்போது கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. தம்பி குரல் கணீரென்று வந்தது. ரெண்டு தடவை ஹாரன் அடித்தேன், அண்ணன் திரும்பிப் பார்த்தார், சிரித்தார், விலகுவார் என்று நினைத்துத் தூக்கினேன். அவன் குரலில் பிசிறே இல்லை. யார்டு ஆட்களைக் கேட்டால், நாள் பூராவும் ஹாரன் கேட்கிற இடத்தில் அந்த ஹாரன் கேட்டதா இல்லையா என்று யார் சொல்வது என்றார்கள். அதிகாரிகளுக்கும் இது சௌகரியமாகப் போயிற்று. செத்தவர் எதிர்த்துப் பேசப்போவதில்லை. அவருடைய கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். தம்பி திங்கட்கிழமையிலிருந்து கிரேனில் ஏறலாம் என்றார்கள். டிராஃபிக்கின் மனைவியும் மகளும் உள்ளேதான் இருந்திருக்கிறார்கள். வெளியே வந்து என்னைத் தாண்டிப் போனார்கள். நான் கல்லாய் உட்கார்ந்திருந்தேன். செத்தவருக்குத்தானே கெட்ட பெயர், உயிரோடு இருக்கிறவன் தூங்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள், ஞாயிறு மதியம், டிராஃபிக்கின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

தம்பி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் கூப்பிடப்போனேன். அவள் கையமர்த்தினாள்.

"எழுப்பாதீங்கக்கா. உங்களைப் பாக்கத்தான் வந்தேன். தம்பிக்கு ஒரு மேடம் பாத்து சரியாச்சாமே. அந்த அட்ரஸ் வேணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். என் பொண்ணுக்கும்."

தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"அன்னிக்குக் காலைல சண்டைக்கா. பெரிசா ஒண்ணுமில்ல, வாசல்ல ஷூவைக் குறுக்க போட்டிருந்தாரு, நான் தடுக்கி விழப்போனேன். அந்த ஆத்திரத்துல, நீங்க இந்த வீட்டுல இருந்தும் ஒண்ணுதான், இல்லாமப் போனாலும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன். ஒண்ணும் பேசாம கிளம்பிப் போனாரு."

"எல்லா வீட்டுலயும் சொல்றதுதாம்மா."

"அப்படித்தான் நானும் இத்தனை நாள் தேத்திக்கிட்டேன். ஆனா உங்க தம்பி சொன்னாரே. ஹாரன் கேட்டுச்சாம். திரும்பிப் பாத்தாராம். பாத்துட்டு சிரிச்சாராம்." அவள் என் முகத்தையே பார்த்தாள். "கேட்டுட்டு, பாத்துட்டு, சிரிச்சுட்டு, ஒரு மனுஷன் ஏன்க்கா நகராம நிப்பாரு? தெரிஞ்சேதான் நின்னிருக்காரு. நான் சொன்ன வார்த்தைக்காக நின்னிருக்காரு. பொண்ணும் அங்க கூட வந்திருந்தா. வீட்டுக்குப் போற வழியில கேக்குறா, அப்பா வேணும்னேதான் நின்னாராம்மான்னு. நேத்துலேர்ந்து அவ எங்கூட பேசல. சாப்பிடல."

மெத்தை நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவன் முகத்தில் ஒரு சுமை இறங்கியதை நான்தானே மூலையிலிருந்து பார்த்தேன். அந்தச் சிரிப்பு பிறந்த இடத்தில் நான் இருந்தேன். இவள் அதைச் சுமந்துகொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளறையிலிருந்து குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. அட்ரஸைக் கொடுத்தால் போய்விடுவாள். காறை எலும்பில் தட்டி, இவளுக்கும் ஏதாவது ஒன்றைக் காட்டுவார்கள்.

"அவன் ஹாரன் அடிக்கலம்மா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு சாயங்காலமே எங்கிட்ட சொல்லிட்டான். ஹாரன் அடிக்கவே இல்ல. உங்க வீட்டுக்காரர் திரும்பவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. அவருக்கு எதுவுமே தெரியாது. பெல்ட்டை சரி பண்ணக் குனிஞ்சிருக்காரு, அவ்வளவுதான். அவருக்குத் தலைவலி வருதுன்னு அவர் நிக்கிறப்போ இவன் ஹாரன் அடிக்கிறதில்லையாம். அந்தப் பழக்கத்துல தூக்கிட்டான். மீதியெல்லாம் அந்த மேடம் ரூம்ல இவன் மனசு கட்டினது. இவன் பொய் சொல்லலம்மா. இவனுக்கு இப்ப அதுதான் நிஜம்."

அவள் முந்தானையை விட்டுவிட்டாள். "தலைவலி உண்டு" என்றாள் மெதுவாக. "வீட்டுக்கு வந்ததும் துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டுப் படுப்பாரு. ஹாரன் சத்தம்தான் காரணம்பாரு." அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. விசாரணை நாளன்று வாயை மூடிக்கொண்டு இருந்தாயே என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"என் பொண்ணு நான் சொன்னா நம்ப மாட்டாக்கா. நானே கட்டிச் சொல்றதாச் சொல்வா. உங்க தம்பி வரணும். அவர் வாயால அவகிட்ட சொல்லணும். இன்னிக்கே."

"அவனுக்கு இப்ப அது ஞாபகத்துலயே இல்லம்மா."

"வர வைங்க."

"திரும்ப அது வந்துச்சுன்னா என் தம்பி..."

"தெரியும்க்கா," என்றாள். "எம்பொண்ணுக்குப் பதினாலு வயசு." உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

நான் எழுந்தேன். முதலில் சமையலறைக்குப் போனேன். கத்தி, அரிவாள்மணை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் பையில் போட்டு அவள் காலடியில் கொண்டுவந்து வைத்தேன். அவள் பையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன், பையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

உள்ளறையில் திரை போட்டிருந்ததால் வெளிச்சம் குறைவாக இருந்தது. தம்பி மல்லாந்து படுத்திருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. நாளைக்குப் போட வேண்டிய யூனிஃபார்மை இஸ்திரி பண்ணி நாற்காலியில் மடித்து வைத்திருந்தான். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. இத்தனை மாதமாக அதற்காகத்தான் நான் தவம் கிடந்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் தோளைத் தொட்டேன்.

"எழுந்திருடா. அண்ணி வந்திருக்காங்க."

அவன் புரண்டு, கண்ணைக் கசக்கி, என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"நல்ல தூக்கம்க்கா" என்றான்.